கார்த்திக்கின் பாஸ் டியூப்

அடியே சுமதி,

நீ ஆடியில் போன் செய்தாய், தீபாவளிக்கு மெசேஜ் போட்டாய், இரண்டுக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கு வரும்போது மொத்தமாகத் திட்டித் தீர்த்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம், பெரியவளுக்குப் பல்லில் கம்பி போட்டாயிற்று, இவர் வழக்கம்போல. உன் மாமியாருக்கு முழங்கால் தேவலையா?

சரி, கார்த்திக் விஷயம். வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு சூடாக லோன் போட்டுப் பழைய கார் வாங்கியவன், இப்போது பன்னிரண்டு இஞ்ச் பாஸ் டியூபும் (பாஸ் என்கிற அடிக் குரலை அதிர வைக்கிற அந்த உருளை ஸ்பீக்கர்) அதை ஓட்டுகிற ஆம்ப்பும் மாட்டியே தீருவேன் என்று நிற்கிறானாம். 'நீதான் கார் ஸ்டீரியோ மாஸ்டர் ஆகிவிட்டாயே, அவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்' என்று உன் நக்கல் வேறு. பொள்ளாச்சி பஸ்ஸில் ஸ்பீக்கருக்கு நேர் கீழே இருக்கிற சீட்டுக்காக ரேணுவோடு சண்டை போட்டவள் நீ, உன் பிள்ளை வேறு எப்படி இருப்பான்?

எங்கள் வேகன் ஆர் கதையையே சொல்கிறேன், அவனுக்கு அப்படியே படித்துக் காட்டு. வாங்கும்போதே ஸ்டீரியோவைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தார்கள். டேஷ்போர்டில் ஒரு ஓட்டை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் வயர்கள், அவ்வளவுதான் இருந்தது. பட்ஜெட் பன்னிரண்டாயிரம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று முடிவு செய்துகொண்டு சென்னையில் கார் சாமான் கடைகள் இருக்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனோம். அங்கே ஒரு கடையில் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது நான், பதில் போவது இவருக்கு! 'சார் எந்த மாதிரி பாட்டு சார் கேப்பீங்க?' சார் பாவம், சீட் கவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆர்எம்எஸ், அதாவது விடாமல் தொடர்ந்து தருகிற சக்தி, எத்தனை வாட்ஸ் என்று கேட்டதும் கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அட்டைப்பெட்டியைத் திருப்பி 'நாலு இன்ட்டு அம்பது மேடம்' என்றார்.

நாலு ஸ்பீக்கருக்கு ஆளுக்கு ஐம்பது வாட்ஸ் என்கிற இந்த நாலு இன்ட்டு ஐம்பது இருக்கிறதே, கார்த்திக் ஏமாறப் போவது இங்கேதான். ஸ்டீரியோவின் பின்பக்கம் ஒரு ஃபியூஸ் இருக்கும், பெரும்பாலும் பத்து ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14 வோல்ட். பெருக்கினால் 140 வாட்ஸ், அதில் கிட்டத்தட்டப் பாதி சூடாகவே போய்விடும். மிச்சத்தை நாலு ஸ்பீக்கருக்குப் பங்கு போட்டால் ஆளுக்குப் பதினேழு பதினெட்டு வாட்ஸ் தேறும். பெட்டியில் எழுதியிருக்கும் 50 என்பது ஒரு நொடி துள்ளிவிட்டு அடங்கும் உச்சக் கணக்கு. பிசிக்ஸ் லேபில் ரீடிங்கை நீயே இட்டுக்கட்டி எழுதுவாயே, அந்த வகை. ஆனால் நல்ல ஸ்பீக்கராக இருந்தால் அந்தப் பதினேழு வாட்ஸே காருக்குள் தாராளம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பணம் எங்கே போயிற்று என்றால், பெயர் தெரிந்த கம்பெனியின் சாதாரண புளூடூத் ஸ்டீரியோ ஒன்று, முன் கதவுகளுக்கு ஆறரை இஞ்ச் கோஆக்சியல் (பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே உச்சக் குரலுக்குச் சின்னது ஒன்று உட்கார்ந்திருக்கும்) ஒரு ஜோடி. பின்னால் ஒன்றும் போடவில்லை, பின் சீட்டில் இருப்பதுகள் எப்படியும் இயர்போன் மாட்டிக்கொண்டுதான் வருகின்றன. டச் ஸ்கிரீன் வேண்டாம் என்று இவரிடம் ஒரு சண்டை. மிச்சம் வைத்த பணத்தை அப்படியே கதவில் போட்டேன், கடைக்காரர் சிரித்தார்.

சுமதி, கதவின் உள்பக்கத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். புதுப்பேட்டையில் ஃபிட்டர் அண்ணன் கதவின் உள்பக்க மூடியை, அந்தப் பேடை, கழற்றினதும் நான் ஒரு ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வெறும் தகரம். அதில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய பெரிய ஓட்டைகள், மேலே ஒரு கிழிந்த பாலிதீன், கண்ணாடி ஏறி இறங்கும் கம்பியில் மண்ணும் கிரீஸும். ஸ்பீக்கரின் முன்பக்கம் வருகிற சத்தமும் பின்பக்கம் வருகிற சத்தமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். பின்பக்கச் சத்தம் அந்த ஓட்டைகள் வழியாக வெளியே வந்து முன்பக்கத்தோடு சேர்ந்தால் பாஸ் அப்படியே காணாமல் போகும். பாஸ் வரவில்லையே என்று எல்லோரும் டியூப் வாங்க ஓடுகிறார்கள், அது கதவுக்குள்ளேயே செத்துக் கிடக்கிறது!

அலுமினியத் தாள் ஒட்டிய கறுப்பு ரப்பர் ஷீட், டேம்பிங் ஷீட் என்று கேட்டால் கொடுப்பார்கள். வெளித் தகரத்தின் உள்பக்கம் கொஞ்சம், ஓட்டைகளின் மேல் முழுசாக, உருளையால் அழுத்தி அழுத்தி ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் தட்டினால் தகர டப்பா மாதிரி 'டங்' என்றது, ஒட்டிய பிறகு 'தொப்'. அவ்வளவு வித்தியாசம். கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிகிற துளைகள் இருக்கும், அவற்றை மட்டும் மூடக்கூடாது. மூடினால் கதவு உள்ளேயே துருப்பிடிக்கும்.

அப்புறம் ஒரு வித்தை. ஸ்பீக்கர் வயர் இரண்டையும் ஒரு கடிகார பேட்டரியில் சட்டென்று தொட்டு எடுத்தார் ஃபிட்டர் அண்ணன். ஸ்பீக்கரின் நடுக் காகிதம் வெளியே துள்ளினால் பிளஸ் மைனஸ் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. இரண்டு கதவில் ஒன்று மட்டும் மாறிவிட்டால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், மறுபடியும் பாஸ் காலி. வலது கதவு மாறித்தான் இருந்தது. ஸ்டீரியோவில் ஹை பாஸ் ஃபில்ட்டரை, அதாவது ஓர் அளவுக்குக் கீழே இருக்கிற அடிக் குரலைத் தடுக்கிற வசதியை, 80 ஹெர்ட்ஸில் வைத்தோம், சின்ன ஸ்பீக்கர் தன்னால் முடியாத அடிக் குரலுக்கு முக்கக் கூடாது என்பதற்காக. ஓட்டுகிறவருக்கு வலது ஸ்பீக்கர் பக்கத்தில் இருப்பதால் பேலன்ஸை இரண்டு புள்ளி இடது பக்கம் தள்ளினேன். பாட்டு உடனே நடுவுக்கு வந்து நின்றது.

இனி சொல்லப்போவது கார்த்திக்குக்கு இல்லை, உனக்கு. அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். சிங்காநல்லூர் மில்லில் ரிங் ஃபிரேமில், அந்த நூற்பு மெஷினின் இரைச்சலில், அவர் நின்ற வருஷங்கள் உனக்குத் தெரியும், அந்தக் காலத்தில் காதுக்குப் பஞ்சுகூட யாரும் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது டிவியை அலற விடுகிறார், காலிங் பெல் கேட்பதில்லை. சத்தத்தில் கெட்ட காது முதலில் உச்சக் குரல்களைத்தான் விடுகிறது, 'ஸ' 'ச' எல்லாம் போய்விடுகிறது. நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, என்ன பேசுகிறோம் என்பதுதான் புரியவில்லை. முதல் நாள் அவரை முன் சீட்டில் உட்கார வைத்து தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற ஒரு தனி ஆவர்த்தனம் போட்டேன். வால்யூம் அதிகமில்லை. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், கும்கி என்கிற அடிச் சத்தம் வந்ததும் என் தோளைத் தட்டி, 'கும்கி கேக்குதும்மா' என்றார். கஞ்சிராவின் சலங்கை அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால்தான் கார்த்திக்கின் டியூபைப் பற்றி உன்னைவிட எனக்குப் பயமாக இருக்கிறது. 85 டெசிபலில் காது ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100க்குப் போனால் கால் மணி நேரம்தான். கண்ணாடியை ஏற்றிவிட்ட காருக்குள் பன்னிரண்டு இஞ்சை வைத்துக்கொண்டு 100ஐத் தொடுவது ஒரு கஷ்டமும் இல்லை. போன காதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

அவன் கேட்க மாட்டான், இந்த வயதில் நாமும் கேட்கவில்லை. ஆகவே பேரம் பேசு. முதலில் கதவு, பிறகு ஸ்பீக்கர், ஆறு மாசம் கேட்கட்டும். அப்புறமும் போதவில்லை என்றால் சீட்டுக்கு அடியில் வைக்கிற எட்டு இஞ்ச் சின்ன சப் (பாஸுக்கென்றே இருக்கிற ஸ்பீக்கர்) ஒன்று வாங்கலாம், டிக்கியும் மிஞ்சும். ஆம்ப் போட்டால் பேட்டரிக்கு ஒட்டினாற்போல, ஒரு முழத்துக்குள், ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். அந்த ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற அல்ல, வழியில் வயர் உரசித் தீப்பிடிக்காமல் இருக்க. மலிவு கிட்டில் வருவது செம்பு பூசிய அலுமினிய வயர், சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும். அதை மட்டும் வாங்கவே வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். எகிறினால் என்னிடம் பேசச் சொல், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்.

தையில் ரேணு மகள் கல்யாணத்துக்கு வருகிறாய்தானே? கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் இறங்கு, நான் வந்து கூட்டிப்போகிறேன். பாட்டு உன் இஷ்டம், வால்யூமில் மட்டும் கை வைக்காதே.

உன்,
வசந்தி