‘உடல்நலக் குறைவு’ என்று முடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காலமான ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழில் நான்கு வரி வந்திருந்தது. வயது, மனைவி, பிள்ளைகள், அடக்க நேரம் எல்லாம் இருந்தன. காரணம் ‘உடல்நலக் குறைவு’. என்ன வேலை பார்த்தார் என்பது மட்டும் இல்லை. அதைச் சொல்லாமல் அவருடைய சாவு விளங்காது.

அவர் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஜாக்ஹாமர் என்ற பாறைத் துளைக் கருவியைப் பிடித்தவர். வட ஆற்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் போன குடும்பம். பிறந்தது தட்டி வீட்டில். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை அங்கே பாறை உடைத்தவர்களில் பெரும்பகுதி இப்படிப் போன தமிழர்கள்தான். மூடியபின் ஊர் திரும்பி இரண்டு மாடு வைத்துப் பிழைத்தார். பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கடைசி வருடங்களில் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் இறக்கி வைப்பார். படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் குனிந்தபடியே இரவைக் கழிப்பார்.

தங்கம் கிடந்தது குவார்ட்ஸ் பாறையில். குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. அதில் ஐந்தடி, ஆறடி துளை போட்டு வெடிமருந்து திணிப்பதுதான் ஜாக்ஹாமர்காரரின் வேலை. துளைக்கும் கம்பியின் நடுவே ஓட்டை உண்டு. அதன் வழியே தண்ணீர் போய்ப் பாறைத்தூளைச் சேறாக்கி வெளியே தள்ள வேண்டும். ஏட்டில் இது சரி. நடப்பில், துளையைத் தொடங்கும்போது முனை வழுக்கும், தண்ணீர் முகத்தில் பீச்சும். அதனால் முதல் சில அங்குலம் காய்ந்தபடியே போகும். கம்பி ஓட்டையில் சேறு அடைத்துக்கொள்ளும். குழாயில் அழுத்தம் குறையும். அடிக்கணக்குக்குக் காசு என்றால் நிறுத்திச் சுத்தம் செய்ய யாருக்கும் மனம் வராது. தண்ணீர் ஒழுங்காக வந்தாலும் அது பிடிப்பது கண்ணுக்குத் தெரியும் தூளைத்தான். நுரையீரலின் அடிவரை போகும் 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துகளில் ஒரு பங்கு தப்பி, காற்றிலேயே மணிக்கணக்கில் மிதக்கும். வெடி வைத்தபின் புகை கலைந்துவிட்டது என்று உள்ளே போகிறவர்கள் சுவாசிப்பதும் அதைத்தான்.

இன்னொரு சிக்கல் வெப்பம். அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தூசு அடங்கத் தண்ணீர் விட்டால் காற்றில் ஈரம் ஏறும், வியர்வை காயாது, ஆள் மயங்கி விழுவான். எனவே தண்ணீரைக் குறைக்கும் ஆசை எப்போதும் இருக்கும். இதை வெறும் தொழிலாளியின் அலட்சியம் என்று எழுதுகிறவர்கள் கீழே இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தங்கவயலில் 1940களில் நடந்த பரிசோதனையில் பத்துப் பேரில் நான்கு பேருக்கும் மேல் சிலிக்கோசிஸ், அதாவது சிலிக்கா தூசு படிந்து நுரையீரல் கெடும் நோய், இருந்தது. ராக் பர்ஸ்ட்டில் பாறை வெடித்துச் செத்தவர்கள் அன்றைக்கே கணக்கில் வந்தார்கள். தூசு பத்து, இருபது வருடம் எடுத்துக்கொள்ளும். வேலையை விட்ட பிறகும் நோய் வளரும். குணமாக்க மருந்து இல்லை.

வெளியூர் ஆஸ்பத்திரியில் இதைக் காசநோய் என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியைத்தான் பிடிக்கும். சளியில் கிருமி தெரியாமலே ஆறு மாத மாத்திரை, பிறகு மறுபடியும் ஒரு சுற்று. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும் என்பதும் உண்மை. ஆகவே சளிப் பரிசோதனையை விடக்கூடாது. ஆனால் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் சிறு உருண்டைப் புள்ளிகள் இருந்தால், நிணநீர்க் கட்டிகளின் ஓரத்தில் முட்டை ஓடுபோலச் சுண்ணாம்பு படிந்திருந்தால், மருத்துவர் கேட்க வேண்டியது ‘இப்போது என்ன வேலை’ என்று அல்ல. எந்தச் சுரங்கம், கீழேயா மேலேயா, துளை போட்டாரா, எத்தனை வருடம் என்று கேட்க வேண்டும். இப்போதைய வேலையைக் கேட்டால் ‘மாடு மேய்க்கிறேன்’ என்றுதான் அவர் சொல்வார். சுரங்கத்தில் இப்போது வேலை செய்பவர் மட்டுமல்ல, முன்பு செய்தவருக்கு இந்த நோய் இருந்தாலும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அவர் காலத்து 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவு.

இழப்பீட்டில் சட்டமே தடையாக நின்றது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையை விட்டு இரண்டு வருடத்துக்குள் அறிகுறி வந்தால் அந்த நாளிலிருந்து கணக்கு என்றது. இந்த நோய்க்கு அந்த இரண்டு வருடம் எதற்கும் காணாது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் இழப்பீட்டு ஆணையர் ஏற்கலாம் என்றும் அதில் இருந்தது. அதற்குக் காகிதம் வேண்டும். ராஜஸ்தான் 2019இல் தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் என்று வைத்தது. வேலை பார்த்த மாநிலம் ஒன்று, செத்த மாநிலம் வேறு என்று கிடக்கும் தங்கவயல் குடும்பங்களுக்குக் கர்நாடகமும் தமிழ்நாடும் சேர்ந்து இப்படி ஒன்றைச் செய்வதில் என்ன கஷ்டம்?

குடும்பத்தார் அறிய வேண்டியது: பதிவாளர் தரும் இறப்புச் சான்றிதழில் சாவுக்கான காரணம் இருக்காது, சட்டப்படி அதைப் போடக்கூடாது. காரணம் இருப்பது மருத்துவர் எழுதும் படிவம் 4இல், வீட்டில் இறந்தால் 4ஏ. அதன் முதல் பகுதியில் உடனடிக் காரணத்தை மேல் வரியிலும், அதற்கு அடிப்படையான நோயைக் கடைசி வரியிலும் எழுதுவார்கள். ‘மூச்சுத் திணறல்’ என்று மேல் வரியோடு நிறுத்திவிட்டால் சிலிக்கோசிஸ் எங்கேயும் பதிவாகாது. ஆஸ்பத்திரியில் இறந்தால் அதன் நகலை நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்று பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தம் சொல்கிறது, கேட்டு வாங்குங்கள். இறப்பைப் பதியும்போது தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று போடாமல் ‘முன்னாள் தங்கச் சுரங்கத் தொழிலாளி’ என்று எழுதச் சொல்லுங்கள்.

பாய், துணியோடு ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் சேர்த்து எரித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடந்த மருத்துவப் பரிசோதனையின் படிவம் ஓ, பழைய எக்ஸ்ரே, இவற்றை எடுத்து வையுங்கள். எக்ஸ்ரே பிலிம்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவே காகிதம் வைத்து, வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சுரங்கப் பணியாளர்கள் சிலர்,
கோலார் தங்கவயல்