சீப்ரா மீனை இளக்காரமாக நினைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

"மீனுக்குச் சீனி வருத்தம் வந்தால் எங்களுக்கென்ன?" என்று சென்ற ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சீப்ரா மீன் என்ற, உடம்பில் வரிகள் உள்ள சின்ன நன்னீர் மீனை வைத்து நீரிழிவையும் உடற்பருமனையும் ஆராய்வது வீண்செலவு என்பது அவர் கருத்து. நான் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பித்தவன். நீரிழிவுக்குத் தாயைப் பறிகொடுத்தவன். பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

1990களில் மின்சாரம் இல்லை. அம்மாவின் இன்சுலின் குப்பியை ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் புதைத்து வைத்திருந்தோம். மணல் காயக் காயத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. இன்சுலினைச் சுரக்கும் பீற்றா கலங்கள் ஒருமுறை அழிந்தால் எங்கள் உடம்பில் அவை திரும்ப உண்டாவது மிக அரிது. சீப்ரா மீனில் உண்டாகின்றன!

மரபணு மாற்றிய குஞ்சுகளை மெட்ரோனிடசோல் கரைத்த நீரில் விடுகிறார்கள். வயிற்றோட்டத்துக்கு நாங்கள் விழுங்கும் அதே குளுசைதான். அந்த மரபணு மாற்றத்தால் குஞ்சுகளின் பீற்றா கலங்கள் மட்டும் அழிகின்றன. நல்ல தண்ணீருக்கு மாற்றினால் சில நாள்களிலேயே புதிய கலங்கள் தலைகாட்டுகின்றன. குஞ்சின் உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால், வெட்டாமலே நுணுக்குக்காட்டியில் இதைப் பார்க்கலாம். எந்த மருந்து அந்த வளர்ச்சியை விரைவாக்கும் என்று தேடுவதா வீண்செலவு?

உடற்பருமன் விடயமும் அப்படித்தான். 2010இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வொன்றில் 8 வாரம் அளவுக்கு மிஞ்சி ஆர்டீமியா என்ற சின்ன இறால்வகை இரையைத் தின்ற சீப்ரா மீன்கள் கொழுத்தன. குருதியில் கொழுப்பு ஏறியது, ஈரலிலும் படிந்தது. கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும் எத்தனை பேருக்கு வைத்தியர் இதையே சொல்கிறார்!

சரி, மீன் மனிதன் அல்ல. அது குளிர்குருதிப் பிராணி, உடம்பைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பும் அதற்கு இல்லை. மீனில் பலித்த மருந்தை எலியிலும் பிறகு மனிதரிலும் சோதித்தே ஆகவேண்டும். ஆனால் மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மீனில் இணை உண்டு என்று 2013இல் காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் பாடசாலை ஆய்வுகூடங்களில் ஒரு தொட்டியாவது வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். குளிர்நாடுகளில் தண்ணீரை 28 பாகைக்குச் சூடாக்குகிறார்கள். எங்கள் வெயிலுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் இல்லை. என் வீட்டு விறாந்தைத் தொட்டியில் ஆறு மீன் நிற்கின்றன. விடியல் வெளிச்சம் பட்டதும் முட்டையிடும். அடுத்த நாள் பிற்பகலில் அந்த அன்பர் வந்தால், முட்டைக்குள் இதயம் துடிப்பதை அவருக்கே காட்டுவேன்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கோண்டாவில்.