கறிக்கு முதலில் உப்பு

பாளையங்கோட்டை

அன்பு மகன் இசக்கிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் வாய்க்கால் கரைவரை நடந்துவிட்டு வருகிறார்.

கனடாவிலிருந்து போனில் நீ கேட்டதற்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “நீங்கள் சொன்ன மசாலாவைத்தான் அரைக்கிறேன், கறிக்குழம்பில் நம் வீட்டு ருசி வரவில்லை, எதை விட்டுவிட்டேன்?” என்று கேட்டாய். மசாலாவில் எதையும் விடவில்லை ஐயா. கறியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஐஸ் முழுவதும் விடுவதற்குள் குக்கரில் போட்டு, உப்பையும் மசாலாவையும் ஒன்றாகக் கொட்டி விசில் விடுவதாக நீயே சொன்னாய். அப்படிச் செய்தால் குழம்பு மணக்கும், கறி சப்பென்றுதான் இருக்கும். உப்பு உள்ளே இறங்க நேரம் வேண்டும்.

மிளகாயும் மல்லியும் இஞ்சியும் பூண்டும் இரவு முழுக்க ஊறினாலும் கறியின் மேலே சில மில்லிமீட்டர் அளவுக்குத்தான் போகும். உப்பு அப்படியில்லை, ஆழமாக இறங்கும். தடவிய சிறிது நேரத்தில் தட்டில் தண்ணீர் விடும். அதைக் கொட்டிவிடாதே. அந்த உப்புநீரைக் கறியே மெல்லத் திரும்ப இழுத்துக்கொள்ளும். உள்ளே போன உப்பு, தசையிலுள்ள புரதத்தைத் தளர்த்தி, வேகும்போது சாறு முழுவதும் வெளியேறிவிடாமல் பிடித்து வைக்கும். மனையியல் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் இதை நான் முதலில் பார்த்தது உன் ஆச்சியின் அடுப்படியில்தான்.

கறி வீட்டுக்கு வந்ததும் ஆச்சி அலசி, நீர் வடித்து, கல் உப்பும் மஞ்சளும் பிசறி மூடி வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் மிளகாய் வத்தலும் மல்லியும் வறுக்க உட்காருவார்கள். வறுத்து ஆற வைத்து, அம்மியில் வைத்து மையாக அரைத்து எடுப்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அந்த நேரம் முழுவதும் உப்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஊற வைக்க வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்லவில்லை. அம்மியே அந்த நேரத்தைக் கொடுத்தது. மிக்சி வந்த பின் அரைப்பது ஐந்து நிமிட வேலையாகிவிட்டது. கறிக்குக் கிடைத்துவந்த ஒரு மணி நேரமும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. இப்போது பல வீடுகளில் குழம்பு ருசிக்கவில்லை என்று மசாலாவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். எனக்கு அது ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. கறியை முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து ஐஸ் விடச் செய். எலும்போடு 1 கிலோ கறிக்கு 12 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள். உப்பைத் தராசில் நிறுத்துப் போடு. பொடி உப்பும் அங்கே கிடைக்கும் பரல் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. சிறு துண்டுகளுக்கு இரண்டு மணி நேரம் போதும். முழுத் தொடை என்றால் ஓர் இரவு. குழம்புக்குத் தனியாக உப்புப் போடும்போது இதைக் கணக்கில் வைத்துக்கொள்.

கறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் இங்கே தின்பது வெள்ளாடு. மேலப்பாளையம் சந்தைக்கும் எட்டயபுரம் சந்தைக்கும் வருகிற கன்னி ஆடுகளை நீ சிறுவயதில் பார்த்திருக்கிறாய். கருப்பு உடம்பு, முகத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. மேய்ந்து திரிகிற ஆடு, கொழுப்பு குறைவு. நீ இருக்கும் கால்கரி ஊரில் உனக்குச் சுலபமாகக் கிடைப்பது செம்மறி. அதன் வாடை பெரும்பாலும் கொழுப்பில்தான் இருக்கிறது; வெளிக்கொழுப்பைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டால் பாதி வாடை போய்விடும். குழம்புக்குத் தொடைக்கறி மட்டும் வாங்காதே. கழுத்தும் நெஞ்செலும்பும் பாதிக்குப் பாதி இருக்கட்டும். அவற்றில் உள்ள சவ்வுதான் நெடுநேரம் வெந்து கரைந்து குழம்புக்குக் கொழகொழப்பைத் தரும்.

கறி வேகவில்லை என்றால் பப்பாளிக்காய் போடலாமா என்று மருமகள் கேட்டாளாம். போடலாம், ஒரு சிறு துண்டு அரைத்து, அரை மணி நேரம் மட்டும். அதற்கு மேல் விட்டால் மேலே கூழாகி உள்ளே விறைப்பாகவே இருக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை. நிதானமான தீயில் இன்னும் கொஞ்ச நேரம் வேகவிடுவதே நல்லது.

கோயில் கொடைத் திருவிழாவில் ஆக்கும் கொடைக்கறி ஏன் அவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று நீ அப்பாவிடம் கேட்டது நினைவிருக்கிறதா? சுடலைமாடன் கோயிலில் கிடா வெட்டி, உரித்து, சூடு ஆறுவதற்குள் அண்டாவில் ஏற்றிவிடுகிறார்கள். வெட்டிச் சில மணி நேரத்தில் தசை விறைக்கத் தொடங்கும். அதன் பிறகு குளிரில் ஓரிரு நாள் இருந்தால்தான் மறுபடி தளரும். கொடைக்கறி விறைப்பதற்கு முன்பே வெந்துவிடுகிறது. உனக்குக் கிடைக்கிற கறி பெரும்பாலும் விறைப்பு நீங்கிய பின் துண்டு போட்டது. கடைக்கறியை அன்றே வாங்கி அன்றே சமைக்கிற எங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் அங்கே நல்ல கறி கிடைக்காது என்று மனம் தளராதே.

மசாலா உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். 1 கிலோவுக்குக் கால் கிலோ சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), அரை மூடித் தேங்காய். வத்தல் ஒரு பங்கு என்றால் மல்லி இரண்டு பங்கு. நல்லமிளகு, சீரகம், பெருஞ்சீரகம், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறு. சீரகம் சிவக்கும் நேரத்தில் மல்லி பச்சையாக இருக்கும். தேங்காய் பொன்னிறத்தைத் தாண்டி லேசாகப் பழுப்பு தட்டும்வரை வறுபட வேண்டும். வதக்க நல்லெண்ணெய். தேங்காய் அரைப்பை முன்னால் போட்டுக் குக்கரை மூடாதே, அடி பிடிக்கும்; கறி வெந்த பின் ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிடு. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து இட்லிக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்றால், முந்தின இரவே குழம்பை வைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. காலையில் சுடவைத்தால் இன்னும் ருசியாக இருக்கும். பொங்கலை அடுத்து வரும் கரிநாளுக்கும் இதையே செய்.

டிசம்பர் விடுமுறையில் நண்பர்களுக்கு முழு வான்கோழி சமைக்கப் போவதாகச் சொன்னாய். அதற்கும் உப்புதான் முதலில். பறவையின் உறையைப் படித்துப் பார். உப்புநீர் ஏற்றியது என்று போட்டிருந்தால் நீ மேலும் உப்புத் தடவ வேண்டாம். இல்லாவிட்டால் கிலோவுக்கு 10 கிராம், இரண்டு நாள் முன்பே தடவி ஃப்ரிட்ஜில் திறந்தபடி வை; தோல் உலர்ந்தால்தான் மொறுமொறுப்பாகச் சிவக்கும். உறைந்த பறவை ஐஸ் விட 2 கிலோவுக்கு ஒரு நாள் வீதம் ஆகும், அந்த நாள்களையும் சேர்த்துக் கணக்கிடு. குழாயடியில் கழுவாதே, தெறிக்கிற தண்ணீரோடு கிருமி அடுப்படி முழுவதும் பரவும். இஞ்சி பூண்டு விழுதை மேலே பூசினால் ஓவன் சூட்டில் கருகிக் கசக்கும். அதற்குப் பதில் நல்லமிளகையும் பெருஞ்சீரகத்தையும் வறுத்துப் பொடித்து, வெண்ணெயில் குழைத்துத் தோலுக்கு அடியில் தடவு. தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்திப் பார்; 74 டிகிரி செல்சியஸ் வந்தால் வெந்துவிட்டது. நெஞ்சிலும் ஒருமுறை பார். வெளியே எடுத்து அரை மணி நேரம் கழித்து அறு. விருந்து முடிந்ததும் மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் எடுத்து வை. நம் ஊர்ச் சூட்டில் இதை விடக் கவனமாக இருப்போம், அங்கே குளிர்தானே என்று மேசையிலேயே விட்டுவிடாதே.

உப்புக்கண்டம் அனுப்பச் சொன்னாய். அனுப்ப முடியாது ஐயா, இங்கிருந்து வருகிற இறைச்சியை அங்கே விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். ஊருக்கு வரும்போது தேங்காய் எண்ணெயில் பொரித்துத் தருகிறேன். பார்சலில் வத்தல், மல்லி, நல்லமிளகு, பெருஞ்சீரகம் எல்லாம் முழுசாக வைத்திருக்கிறேன். பொடியாகக் கேட்காதே, மணம் போய்விடும். உடன் அப்பா தூத்துக்குடி கல் உப்பு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறார். அங்கே உப்பா கிடைக்காது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

தீபாவளிக்குக் கறி செய்ததும் எத்தனை மணி நேரம் உப்பில் ஊறியது, துண்டு எப்படி இருந்தது என்று எழுது. மருமகளுக்குக் காரம் கூடுதலாக இருந்தால் வத்தலைக் குறைத்துக்கொள், மல்லியைக் குறைக்காதே.

அன்புடன்,
அம்மா