வலை வவ்வாலுக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழத்தோப்பில் வவ்வாலைத் தடுக்க நைலான் நரம்பு வலை கட்டுவதே வழி என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஆயக்குடியில் எனக்கும் கொய்யாத் தோப்பு உண்டு, நஷ்டம் எனக்கும்தான். ஆனால் பகலில் வரும் கொண்டைக்குருவியை அவர் ஏன் விட்டுவிட்டார்? அது ஒரு பழத்தையும் முழுசாகத் தின்னாது. நாலைந்தைக் கொத்திவிட்டுப் போகும், அப்புறம் எறும்பு ஏறும். நன்றாகக் கூவுகிறது, கொண்டை வேறு இருக்கிறது, அதனால் யாரும் திட்டுவதில்லை. இரவில் வரும் குட்டைமூக்குப் பழ வவ்வால் தேடுவது கனிந்த பழத்தை. சந்தைக்கு நாங்கள் செங்காயாகவே பறித்துவிடுகிறோம், வவ்வாலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாங்கள் விட்டது.

சட்டமும் ஓரவஞ்சனைதான் செய்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொண்டைக்குருவிக்குப் பாதுகாப்பு. பழ வவ்வாலோ எலி, காக்கையோடு, கொன்றாலும் குற்றமில்லாத தீங்குயிர்ப் பட்டியலில். மேகமலையில் 1948-ல் கிடைத்த சலீம் அலி வவ்வால் போன்ற அபூர்வம்தான் விதிவிலக்கு. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலையே எடுத்தார்கள்.

கொண்டைக்குருவி ஒரு ஈட்டில் இரண்டு மூன்று முட்டையிட்டு, இரண்டு வாரத்தில் பொரித்துவிடும். கூடு கலைந்தால் மறுபடி கட்டும். குட்டைமூக்கு வவ்வாலுக்கு ஈற்றுக்கு ஒரே குட்டி, சினைக்காலமே நாலு மாதம். நரம்பு வலையில் தாய் சிக்கினால் சில நேரம் மாரில் குட்டியும் இருக்கும். எங்கள் பக்கத்து இலுப்பையிலும் இலவ மரத்திலும் இரவில் பூவுக்குப் பூ மகரந்தம் சேர்ப்பது இந்த வவ்வால்கள்தான். குருவியும் விதை பரப்புகிறது, ஆனால் உண்ணிச்செடி என்ற களையின் விதையையும் சேர்த்தே பரப்புகிறது!

பழ வவ்வாலிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நிபா வைரஸ் பற்றிய பயம் நியாயமானது. 2018-ல் கோழிக்கோட்டில் அது பல உயிர்களைப் பறித்தது தெரியும், அங்கே சம்பந்தப்பட்டது பெரிய பழந்தின்னி வவ்வால். எதுவானாலும், கடிபட்ட பழத்தைக் குருவி கொத்தியதா வவ்வால் கடித்ததா என்று ஆராயாமல் தூக்கி எறியுங்கள்.

வலை கட்டியே தீருவதென்றால், விரல் நுழையாத சின்னக் கண்ணுள்ள தடித்த வெள்ளை வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டலாம், குருவியும் சிக்காது. நான் நல்ல காய்களுக்கு உறை மாட்டுகிறேன், கூலிதான் கையைக் கடிக்கிறது. உறைக்கும் நல்ல வலைக்கும் மானியம் கேட்டு அந்த வாசகர் தோட்டக்கலைத் துறைக்கு மனு எழுதட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
கொய்யா விவசாயி ஒருவர்,
ஆயக்குடி, திண்டுக்கல் மாவட்டம்