கால் டம்ளர் தண்ணீராம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் விருப்பாச்சி வாழைப்பழம், அதாவது நாங்கள் மலைப்பழம் என்கிறோமே, அது பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'முருகனுக்கு விருப்பமான பழம் என்பதால் விருப்பாச்சி' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் விருப்பாச்சி என்று ஓர் ஊரே இருக்கிறதுங்க, கோபால் நாயக்கரின் பாளையம், வேலு நாச்சியார் அடைக்கலம் வந்து தங்கிய இடம். வேலு நாச்சியாருக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா!

சரி, பெயர் போகட்டும். கீழே கட்டம் கட்டி பஞ்சாமிர்தச் செய்முறை போட்டீர்களே, 'மலைப்பழம் கிடைக்காவிட்டால் ரோபஸ்டா போதும், கெட்டியாக இருந்தால் கால் டம்ளர் தண்ணீர் விடலாம்' என்று, அதைத்தான் தாங்க முடியவில்லை. பஞ்சாமிர்தத்தில் தண்ணீர்!

எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) தைப்பூசத்துக்குப் பித்தளை அண்டாவில் பிசைவார். மலைப்பழம் பார்க்கக் கட்டையாக, தோல் தடித்து இருக்கும். நன்றாகப் பழுத்துத் தோல் கறுத்துச் சுருங்கின பிறகுதான் உரிப்பார். உள்ளே சதை கெட்டியாக, ஈரமே இல்லாத மாதிரி இருக்கும். நாட்டுச் சர்க்கரையைப் போட்டுக் கையாலேயே பிசையப் பிசைய, சர்க்கரைதான் பழத்திலிருந்து நீரை இழுத்து இளக்கும். அப்புறம் பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். பாதயாத்திரை போய்த் திரும்பி வந்தும் அது கெடாமல் இருக்கும்.

நானும் ஒரு வருஷம் அவசரத்துக்கு ரோபஸ்டாவில் செய்து பார்த்தவன்தான், தண்ணீர்கூட விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் டப்பாவைத் திறந்தால் நுரை கட்டி, கள்ளு வாசம் அடிக்கிறது. தாராபுரம் தாண்டுவதற்குள் அத்தனையையும் ரோட்டோரமாகக் கொட்டினோம். உங்கள் செய்முறையை எழுதியவர் ஒரு தடவையாவது செய்து பார்த்தாரா?

செய்முறையில் 'வெல்லமோ வெள்ளைச் சர்க்கரையோ' என்றும் இருக்கிறது. நான் கவுந்தப்பாடிக்காரன், கரும்பு ஆட்டிச் சர்க்கரை காய்ச்சுகிற குடும்பம். பழனி கோயிலுக்கு எங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலிருந்து 60 கிலோ மூட்டைகளாக நாட்டுச் சர்க்கரை போவதை உங்கள் பத்திரிகையே எத்தனை தடவை செய்தியாகப் போட்டிருக்கிறது! 2019-ல் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது முதல் பக்கத்தில் கொண்டாடினீர்கள். இப்போது சீனி போதுமாம். (எனக்குச் சர்க்கரை விற்கிற ஆதாயம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் மலைப்பழம் எங்கள் வாய்க்கால் வயலில் வராது, அதில் எனக்கு ஒரு பைசா கிடையாது.)

இன்னொன்று. 'விவசாயிகள் ஆர்வம் காட்டாததால் சாகுபடி குறைந்தது' என்று ஒரு வரி. எது குறைந்தாலும் விவசாயி மேல்தான் பழி! கீழ்ப்பழனி மலையில் காப்பிக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக நின்ற வாழையை அழித்தது முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ் அது. இலையெல்லாம் குறுகி உச்சியில் கொத்தாக நின்றுவிடும், அப்புறம் தார் வராது. அந்தக் கட்டையிலிருந்து கன்று எடுத்து நட்டால் நோயும் கூடவே வரும். திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்தார் நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று கொடுத்து அதை மீட்கப் பாடுபட்டார்கள். இதெல்லாம் ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிகிற விஷயம். அதற்குப் பதில் பச்சைப்பசேலென்று ஒரு ரோபஸ்டா தார் படத்தைப் போட்டு 'மலைவாழை' என்று கீழே எழுதிவிட்டீர்கள்.

மஞ்சள் ஏலம் பற்றி முன்பு நான் எழுதிய 2 கடிதங்களும் குப்பைக்குத்தான் போயிருக்கும், பரவாயில்லை. அந்தக் கால் டம்ளர் தண்ணீரை மட்டும் தப்பு என்று அடுத்த ஞாயிறு ஒரு வரி போட்டுவிடுங்கள். தைப்பூசம் வருகிறது, யாராவது அதைப் பார்த்துச் செய்துவிடப் போகிறார்கள்.

இப்படிக்கு,
அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும்
கவுந்தப்பாடி வாசகன்