மாத்திரைக்கு முன் ஒரு துண்டு சதை

அன்புள்ள சுந்தரம்,

பேத்தி பிறந்த செய்தி கண்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வகத்தில் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தின் வாடை போகவில்லை என்று இங்கே கேலி செய்கிறார்கள்.

உன் மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். கழுத்தில் நெறிக்கட்டி, மாலையானால் காய்ச்சல், உடல் இளைப்பு. "காசநோய்தான், ஆறு மாத மாத்திரையைத் தொடங்கிவிடலாம், கத்தி வைத்தால் பரவிவிடும்" என்கிறார்களாம். காசநோயாகவே இருக்கலாம். ஆனால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றும் இதே அறிகுறிகளோடு வரும். அதில் ஒரு வகையான ஹாட்ஜ்கின் நோயைக் காசநோயின் ஒரு வடிவம் என்றே அறிஞர்கள் ஒரு காலத்தில் எண்ணினார்கள். அது தனி நோய் என்று 1902இல் வாதிட்டவர் டாரதி ரீட் என்ற மருத்துவர். அதுவும் திசுவை நுண்ணோக்கியில் பார்த்துத்தான். அந்த நோய்க்கு அடையாளமான ராட்சத செல்லுக்கு இன்றும் அவர் பெயரும் ஸ்டெர்ன்பெர்க் என்ற இன்னொரு மருத்துவரின் பெயரும் இருக்கின்றன.

ஊசிச் சோதனையில் "தெளிவாக இல்லை" என்று வந்ததில் எனக்கு வியப்பில்லை. மெல்லிய ஊசி செல்களை உறிஞ்சி எடுக்கும்; அவை கணுவுக்குள், அதாவது வீங்கிய அந்த நெறிக்கட்டிக்குள், அமைந்திருந்த ஒழுங்கு குலைந்துவிடும். இடிந்த செங்கற்களைக் குவித்துவைத்து வீட்டின் வரைபடம் கேட்பது போலத்தான். லிம்போமாவை வகை பிரிக்க அந்த ஒழுங்கு வேண்டும். அதனால்தான் டாக்டர் கணுவை முழுதாக எடுக்கச் சொல்கிறார். கத்தி பட்டுப் பரவுகிற நோயல்ல லிம்போமா. இதை உன் தங்கையிடம் அழுத்திச் சொல்.

ஒன்றை மட்டும் அறுவைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடு. எடுத்த கணு முழுவதும் ஃபார்மலினில் போய்விட்டால் அதிலுள்ள காசநோய்க் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு சிறு துண்டைக் கிருமி நீக்கிய சலைனில் தனியாக அனுப்பினால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும், அதன் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையும் செய்யலாம். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதும் அதில் தெரியவரும். அவசரத்தில் பலரும் மறக்கிற காரியம் இது. ஆய்வகத்துக்குப் புட்டி வந்த பிறகு யார் வருந்தியும் பயனில்லை.

இன்னொன்று, கணுவை எடுக்கும்வரை டாக்டரைக் கேட்காமல் யாரும் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டாம். கட்டி சுருங்கும், காய்ச்சலும் தணியும், ஸ்லைடில் நோய் மங்கிப்போகும். ரிப்போர்ட் வரச் சில நாளாகும். லிம்போமா ஐயம் எழுந்தால் கூடுதல் சாயச் சோதனைகளுக்கு இன்னும் தாமதமாகும். வந்ததும் நகல் அனுப்பு. திசுவைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கைப் பத்திரமாக வைக்கச் சொல்.

அன்புடன்,
ராஜு