நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் இருக்கும் நண்பனுக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள நசீர்,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்பதில் மகிழ்ச்சி. இங்கே அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லோரும் சுகம்.

ஒவ்வொரு மார்ச் 15 இலும், உன்னோடு ஒரே வரிசையில் தொழுது, பள்ளிவாசல் துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனவரின் வீட்டுக்குப் போக நினைத்து, என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றுவிடுவதாக எழுதியிருந்தாய். அதை வாசித்த பிறகு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

அல் நூர், லின்வுட் பள்ளிவாசல்களில் 51 உயிர்கள் பறிபோன அந்த 2019 இல், உங்கள் ஊர் மக்கள் குவித்த பூக்களையும், அடுத்த வெள்ளிக்கிழமை ஹாக்லி பூங்காவில் திரண்ட கூட்டத்தையும் தொலைக்காட்சியில் பார்த்துக் கலங்கினோம். ஆனால் என்னை அதைவிட ஆழமாகத் தொட்டது 2020 ஆகஸ்டில் நான்கு நாட்கள் நடந்த தண்டனை விசாரணைதான். உறவை இழந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொலையாளியின் முன்னே எழுந்து, தங்கள் பிள்ளை எப்படிப்பட்டவன், கணவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லச் சொல்ல மன்று முழுவதும் கேட்டிருந்தது. அதன் பிறகே, வெளியே வரவே முடியாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே அப்படி ஒரு நாள் வரவில்லை, நசீர். 2006 ஜனவரி 2 அன்று காந்தி சிலையடியில், நீயும் நானும் மாலைகளில் கடலை கொறித்தபடி இருந்த அதே கடற்கரையில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டபோது, உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைப் படமெடுத்துக் காட்டிய பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். சந்தேகநபர்களான 13 பேரும் 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். பெற்றோர் சொல்ல வைத்திருந்ததை எந்த மன்று உட்கார்ந்து கேட்டது?

செத்தவீட்டில் அடுப்பு மூட்டாதபடி அயலவர் சோறு கொண்டுபோவதும், 31 ஆம் நாள் கன்னியா வெந்நீரூற்றில் கிரியை செய்வதும் நம் ஊரில் தவறுவதில்லை. அதன் பிறகுதான் ஆட்கள் வருவது குறைகிறது. சூடுபட்டு இறந்தவரின் வீடென்றால் பயத்தினால் இன்னும் விரைவாகக் குறைந்தது. எங்கள் ஒழுங்கையில் அப்படி மகனைப் பறிகொடுத்த அம்மா ஒருவர் இருக்கிறார். ஆறுதல் சொல்ல வருபவர்களிடம் தலையை மட்டும் ஆட்டுவார். ஒருநாள் என் அம்மா, "அவனுக்குப் பாரைமீன் குழம்பு என்றால் உயிரல்லவா" என்று சொன்னதும், நிமிர்ந்து உட்கார்ந்து, அவன் முள்ளெடுக்கத் தெரியாமல் பத்து வயது வரை தன் கையையே எதிர்பார்த்ததை இருட்டும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். மகனுடைய பேச்சை எடுத்தால் அவர் உடைந்துவிடுவார் என்று நாங்கள் அத்தனை காலம் வாய்மூடி இருந்தோம்.

ஆகையால் தயங்காமல் போ. அவர் தொழுகைக்கு எத்தனை மணிக்கு வருவார், எதற்குச் சிரிப்பார் என்று உனக்குத் தெரிந்ததைச் சொல். மிச்சத்தை அவர்கள் சொல்லுவார்கள். நேரம் பார்க்காமல் இரு. கேட்டவற்றை எனக்கும் எழுது.

அன்புடன்,
சிவா